எத்ருஸ்கத் தம்பதியின் இடது கை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தென்திசைச் செவ்வியல் கலைக்கூடத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் இருந்தவர்கள், இருந்த இடத்தோடு: நீள்மேசையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகு காட்டி, இயக்குநர். அவருக்கு வலப்பக்கம், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, கிரேக்க ரோமானியப் பிரிவின் காப்பாட்சியர். இடப்பக்கம் மடிக்கணினியோடு மனிதவளப் பிரிவு ஸ்ருதி. காப்பாட்சியருக்கு அடுத்த சாய்வு நாற்காலியில், நீல வெல்வெட் மெத்தையின் மேல், தோளோடு கழன்று வந்த ஒரு சுடுமண் கை. கால்மாட்டில், ஜெராக்ஸ் இயந்திரத்தை ஒட்டி, ஒரு கால் குட்டையான நாற்காலியில் காட்சிப்பொருள் பராமரிப்பாளர் பழனிவேல். அவருக்குப் பக்கத்தில், அவருடைய ஆதரவாளராக வந்திருந்த இரத்தினசிங்கம்.

வேலைக்கு உலை வைக்கும் விசாரணை என்றால் தன் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிவரலாம் என்பது நியூசிலாந்து வழக்கம். பழனிவேலுக்கு வேறு யாரையும் தெரியாததால், தான் குடியிருக்கும் ரானுயிப் புறநகரில் பக்கத்து வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரை அழைத்து வந்தார். இருபத்தாறு வருடம் ஆக்லாந்தில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் இரத்தினசிங்கம். இதற்கென்று கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

கூட்டம் தொடங்குமுன் ஸ்ருதி எழுந்து, தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு, நிலநடுக்கம் வந்தால் எதற்கடியில் குனிவது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று முறைப்படி அறிவித்தார். நிலநடுக்கம் வந்தால் எல்லோருக்கும் முன்பாகக் கையைக் காப்பாற்ற வேண்டும் என்று காப்பாட்சியர் ஒரு திருத்தம் சொன்னார். யாருடைய கையை என்று இரத்தினசிங்கம் கேட்டார். அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை.

குற்றச்சாட்டு ஒரு பக்கம் இருந்தது. சுருக்கம் இது: ரோம் பெரிதாவதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் நகரங்கள் கட்டி வாழ்ந்த எத்ருஸ்கர்கள், இறந்தவர்களுக்குச் சுடுமண்ணில் ஈமப்பேழை செய்வார்கள். அதன் மூடிமேல் கணவனும் மனைவியும் விருந்து மஞ்சத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு தம்பதி, கி.மு. 520, தென் அரைக்கோளத்திலேயே ஒன்றே ஒன்று, இக்கலைக்கூடத்தின் பெருமை. மேற்படித் தம்பதியில் கணவனின் இடது கை, மேற்படிப் பழனிவேல் தூசி தட்டிக்கொண்டிருந்த வேளையில் முறிந்து விழுந்தது. இது கடும் ஒழுங்கீனம்.

"உங்கள் பதில்?" என்றார் இயக்குநர்.

"ஐயா, நான் தொடவே இல்லை. புதிதாகப் போட்ட விளக்குகளின் சூட்டில் பசை இளகித் தானாக விழுந்தது. அதோடு இன்னொன்று. அது கை இல்லை. ஆறு அங்குலக் கழிவுநீர்க் குழாய்."

எல்லோரும் கையைப் பார்த்தார்கள். கை மெத்தையில் சௌகரியமாகக் கிடந்தது.

"நாம் இங்கே பேசவந்தது பொருளைப் பற்றி அல்ல," என்றார் இயக்குநர். "உங்கள் நடத்தையைப் பற்றி."

"பொருளைப் பொறுத்துத்தானே ஐயா நடத்தை. தேநீர்க் கோப்பை உடைந்தால் ஒரு பேச்சு, கி.மு. உடைந்தால் ஒரு பேச்சு."

பழனிவேல் ஏதோ குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பம் படித்து, ஏழு வருடம் குழாய்த் தொழிற்சாலையில் சூளைக்கு முன்னால் நின்றவர். விழுந்த கையைத் தூக்கியபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. உட்புறத்தில் பழுப்பாக, ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக மினுமினுப்பு. எரியும் சூளைக்குள் உப்பை அள்ளி வீசினால் வரும் மெருகு அது. ஆயிரத்து இருநூறு டிகிரிக்குக் குறைந்தால் வராது. எத்ருஸ்கர்களின் சூளை அதில் முக்கால் பங்கு சூட்டை எட்டியிருந்தாலே அதிகம். தோள் என்று எல்லோரும் சொன்ன இடம், ஒரு குழாயை இன்னொரு குழாய் வாங்கிக்கொள்ளும் அகன்ற வாய். மேலே மட்டும் களிமண் அப்பித் தசையும் துணிமடிப்பும் அழகாக வடித்திருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதை அவர் என்றைக்கும் மறுத்ததில்லை.

கூட்டம் முடிந்த அன்று மாலையே, அது குழாய்தான் என்று முதல் கடிதம் எழுதினார். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் இட்டு, எண் கொடுத்து, ஒரு நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் எழுதினாலும் அந்த வரிசை மாறாது. குடிவரவு அலுவலகத்துக்கும் அப்படித்தான் எழுதுவார், குப்பைத்தொட்டி மாற்றக் கேட்டு நகரசபைக்கும் அப்படித்தான் எழுதுவார்.

ஒன்பது வேலை நாட்களுக்குப் பிறகு பதில் வந்தது. கலைக்கூட ஊழியர்கள் கருத்துத் தெரிவிக்க இரண்டு படிவங்கள் உண்டாம். ஒன்று ஐயம் தெரிவிக்கும் படிவம். அதை நிரப்ப, ஐயப்படும் பொருளில் முனைவர் பட்டமும், அச்சில் வந்த மூன்று கட்டுரைகளும், அப்பொருளின் காப்பாட்சியர் ஐயப்பட அளித்த முன் அனுமதியும் வேண்டும். மற்றது உணர்வு தெரிவிக்கும் படிவம். அது எல்லோருக்கும் திறந்தது. ஐந்து முகங்கள் வரைந்திருக்கும். ஒன்றைச் சுழித்துக் காட்டினால் போதும்.

பழனிவேல் நான்காவது முகத்தைச் சுழித்து, குறிப்புக்கான கட்டத்தில் 'குழாய்' என்று எழுதி அனுப்பினார்.

அதன் பேரில் அவருக்கு இலவசமாக மூன்று மனநல ஆலோசனை அமர்வுகள் வழங்கப்பட்டன. ஆலோசகர் கனிவானவர். மூலிகைத் தேநீர் கொடுத்தார். "குழாய்களை முதன்முதலில் எப்போது பார்க்கத் தொடங்கினீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தொண்ணூற்று ஒன்பதில். டிப்ளமா முதல் வருடம்."

"மற்றவர்களுக்கும் அவை தெரிந்தனவா?"

"வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம்."

ஆலோசகர் வெகுநேரம் எழுதினார்.

நான்காவது கடிதத்தில் பழனிவேல் ஒரு சோதனை கேட்டார். ஒரு சிட்டிகைத் தூள் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால், மண் கடைசியாகச் சுடப்பட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று சொல்லிவிடுவார்கள். வந்த பதில் தெளிவாக இருந்தது. உண்மையான தொல்பொருளிலிருந்து ஒரு துகளும் சுரண்டக்கூடாது என்பது கலைக்கூடத்தின் மாறாத கொள்கை. போலி என்று நிலைநாட்டப்பட்ட பொருளிலிருந்து தாராளமாகச் சுரண்டலாம். கலைக்கூடத்தில் போலி எதுவும் இல்லை. ஆகவே சோதிக்கத்தக்க பொருளும் இல்லை.

"தம்பி, இது பெரிய கெட்டித்தனம்," என்றார் இரத்தினசிங்கம், பதிலை இரண்டு தரம் படித்துவிட்டு. "என்ர பஸ்ஸுக்கு இப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தா நான் பிறேக் செக் பண்ணாமலே ஓடியிருப்பன். ஓடுற பஸ்ஸை நிப்பாட்டிப் பாக்கக்கூடாது, நிக்கிற பஸ்ஸுக்குப் பிறேக் தேவையில்லை எண்டு."

இரண்டாம் கூட்டத்தில் இருக்கைகள் அப்படியே இருந்தன. கைக்கு மட்டும் மெத்தை மாற்றியிருந்தார்கள். காப்பாட்சியர் எழுந்து நின்று பேசினார். அவர் உட்கார்ந்து பேசி யாரும் கேட்டதில்லை.

"இதனுள்ளே குழாய் இருப்பதாக நண்பர் சொல்கிறார். நான் மறுக்கவில்லை. வரவேற்கிறேன். ரோம் நகரின் பெருஞ்சாக்கடையைத் தொடங்கியவர்கள் எத்ருஸ்க வழிவந்த மன்னர்கள் என்பது மரபு. சதுப்பை வடித்து நகரம் கண்ட இனம் அது. உலகுக்குச் சாக்கடையைக் கொடுத்த ஓர் இனம், தன் அன்புக்குரியவர்களைச் சாக்கடைக் குழாயிலேயே வடித்தது என்பதைவிட இயல்பு வேறென்ன? போலி செய்பவன் குழாயை மறைத்திருப்பான். இவ்வளவு துணிச்சலாகக் குழாயைக் குழாயாகவே விட்டிருப்பது உண்மைக் கலைஞனால் மட்டுமே முடியும்."

இயக்குநர் கண்களை மூடித் தலையசைத்தார்.

"உள்ளே ஆறு என்று எண் பொறித்திருக்கிறதே ஐயா," என்றார் பழனிவேல். "நாம் இன்றைக்கு எழுதுகிற ஆறு."

"அது எண் அல்ல, அலைச் சுருள். கிரேக்கர்களிடமிருந்து எத்ருஸ்கர்கள் எடுத்துக்கொண்ட அலங்காரம். தலைகீழாகப் பிடித்தால் ஒன்பதுபோலத் தெரிகிறது, பாருங்கள். எண்ணாக இருந்தால் இப்படித் தடுமாறுமா?"

இரத்தினசிங்கம் காதருகே குனிந்தார். "தம்பி, இந்த மனுசன் படிச்ச படிப்புக்கு உம்மட தண்ணிப் போத்தலையும் பிரேதப்பெட்டி எண்டு சொல்லுவார். ஒளிச்சு வையும்."

விசாரணை முடியும்வரை கையை வீணாக வைத்திருப்பானேன் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'முறிந்த அணைப்பு' என்று பெயர். இருட்டாக்கிய கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கை. நான்கடி தள்ளிக் கையில்லாத கணவன், பக்கத்தில் மனைவி, இரண்டு பேர் முகத்திலும் அதே சிரிப்பு. வியாழக்கிழமைகளில் கைக்கு முன்னால் மௌனமாக உட்கார்ந்து தத்தம் இழப்புகளை நினைத்துப் பார்க்கும் அமர்வு. யோகாப் பாயை அவரவர் கொண்டுவர வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு பலகை:

'இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பிரியாதிருந்த இக்கை, பராமரிப்பாளர் ச. பழனிவேலின் கவனக்குறைவால் பிரிந்தது.'

அந்தப் பெட்டியைத் துடைக்கும் பணி பழனிவேலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. பார்வையாளர்கள் பலகையைப் படிப்பார்கள், அவருடைய சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படிப்பார்கள், மறுபடி பலகையைப் படிப்பார்கள். ஒரு பெண்மணி அவரைக் கட்டிப்பிடித்து, மனித குலத்தின் சார்பில் மன்னித்துவிட்டுப் போனார்.

பலகையை எடுக்கச் சொல்லிப் பழனிவேல் ஏழாவது கடிதம் எழுதினார். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தித் தருவதாகப் பதில் வந்தது.

இந்த நிலையில்தான் மீனாட்சியின் வேன் வந்தது. பழனிவேலின் மனைவி மீனாட்சி கிளென் ஈடனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை இல்லத்தில் இருப்பவர்களை வெளியே கூட்டிப்போவார்கள். அந்த மாதம் எல்லோரும் கையைப் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

அவர்களில் மாத்தே என்று ஒருவர். தொண்ணூற்றொரு வயது. பாட்டன் காலத்தில் ஐரோப்பாவின் டல்மேஷியாவிலிருந்து வந்து, ஆக்லாந்துக்கு மேற்கே ஹெண்டர்சன் பக்கம் திராட்சை போட்ட குடும்பம். சக்கர நாற்காலியில் இருந்தவர் கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிலைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மிலா இங்கே என்ன செய்கிறாள்?" என்றார்.

மீனாட்சி முதலில் அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று நினைத்தார். தடுமாறியது அவருடைய முழங்கால் மட்டும்தான். விஷயத்தைக் கேட்டதும் கூடத்தின் மறுகோடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கணவரைக் கைகாட்டி அழைத்தார்.

"என்னங்க, சீக்கிரம் வாங்க. இது இவரு செஞ்சதாம். பக்கத்துல இருக்கிறது இவரு சம்சாரமாம்."

இளமையில் மாத்தே மேற்கு ஆக்லாந்தில் இருந்த ஒரு குழாய்ச் சூளையில் வேலை செய்தவர். வேலை நேரம் முடிந்து, சூளையில் இடமும் இருந்தால், ஆளாளுக்குப் பிடித்ததைச் செய்து உள்ளே வைப்பார்களாம். மேலாளர் பார்க்காததுபோலப் போய்விடுவாராம். நூலகப் புத்தகம் ஒன்றில் எத்ருஸ்கத் தம்பதியின் படத்தைப் பார்த்திருக்கிறார் மாத்தே.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தால் நானும் அவளும் அப்படித்தான் கிடப்போம்," என்றார். "நம்மைப் போலவே இரண்டு பேர் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்களே என்று தோன்றியது. கழித்துப் போட்ட குழாய்களை எலும்பாக வைத்து மண் அப்பினேன். அறுபத்து நான்காம் வருடம்."

"அந்தச் சிரிப்பு?" என்று கேட்டார் பழனிவேல். காப்பாட்சியர் அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதியிருந்தார்.

"அவளுக்கு முன்பல் நான்கு போய்விட்டது. வாயைத் திறக்கமாட்டாள். இழுத்து மூடிக்கொண்டுதான் சிரிப்பாள்."

திராட்சைத் தோட்டத்து வாசலில் இருந்ததாம் சிலை. தோட்டத்தை விற்றபோது, வாங்கியவர் வாசலில் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிலா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. புகைப்படத்தில்கூட அவள் இவ்வளவு அவளாக இல்லை என்றார் மாத்தே.

பழனிவேல் எட்டாவது கடிதம் எழுதி, மாத்தேயைக் கூட்டத்தில் பேச வைக்க அனுமதி வாங்கினார். பன்னிரண்டு நிமிடம் கொடுத்தார்கள். மாத்தே எட்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். காப்பாட்சியர் எழுந்தார்.

"ஐயாவுக்கு நன்றி. உருக்கமாக இருந்தது. ஆனால் படைப்பைப் பற்றிப் படைத்தவர் சொல்வதை ஆய்வுலகம் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அவர் மிகவும் நெருக்கமாக நின்றவர், பார்வை மறைந்துவிடும். மேலும் எத்ருஸ்கக் கலைஞர்கள் ஏறக்குறைய எல்லோருமே பெயர் தெரியாதவர்கள். ஐயாவுக்குப் பெயர் இருக்கிறது. இது ஒன்றே போதும்."

"நான் செய்யவில்லை என்கிறீர்களா?" என்று கேட்டார் மாத்தே.

"நீங்கள் செய்ததாக உங்களுக்கு ஓர் உணர்வு இருக்கிறது என்கிறேன். அதற்கு ஒரு படிவம் உண்டு."

போகுமுன் ஒருதரம் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று மாத்தே கேட்டார். கையுறை அணிந்து, தொல்பொருள் கையாளும் பயிற்சி இரண்டு நாள் முடித்திருந்தால் தொடலாம், அடுத்த பயிற்சி நவம்பரில் என்றார் இயக்குநர். மாத்தே வேனில் ஏறியபின் மீனாட்சியிடம், அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த திங்கட்கிழமை, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஸ்ருதி பழனிவேலை வழிமறித்தார். கூட்டங்களில் ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்போல இருப்பவர், அங்கே கோயம்புத்தூர்த் தமிழில் பேசினார்.

"அண்ணா, ஒரு வழி சொல்லியிருக்காங்க. எச்சரிக்கையோட விட்டுருவாங்களாம். வேலை இருக்கும், விசா இருக்கும். ஒரே ஒரு கடுதாசில கையெழுத்து போட்டாப் போதுங்ணா."

"என்ன கடுதாசி?"

"உண்மையான எத்ருஸ்கத் தொல்பொருளை நான் கவனமில்லாம உடைச்சிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு."

"உண்மையானன்னு நான் எதுக்கும்மா சொல்லணும்?"

ஸ்ருதி அக்கம்பக்கம் பார்த்தார். "அதாங்ணா அவங்களுக்கு வேணும். போலியை உடைச்சிட்டு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா? உங்க மன்னிப்பைக் கோப்புல வெச்சுட்டா, அந்தத் தாத்தா வந்தாலும் சரி, வேற யாரு வந்து கேட்டாலும் சரி, அதுதான் ஆதாரம். போட்ருங்ணா. எனக்கும் விசா இவங்க பேர்லதான் இருக்குது."

பழனிவேலின் வேலை விசா இந்தக் கலைக்கூடத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தது. வேலை போனால் விசா போகும். விசா போனால் எட்டு மாதமாகக் கிடப்பில் இருக்கும் நிரந்தர வதிவிட விண்ணப்பமும் போகும். அதில்தான் மீனாட்சியின் பெயரும் மகள் தேவதர்ஷினியின் பெயரும் இருக்கின்றன. வீட்டில் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் இரத்தினசிங்கம். ஆதரவாளர் என்று எழுதிக் கொடுத்ததிலிருந்து அவர் சாப்பாட்டு நேரத்துக்கும் ஆதரவாக வந்துகொண்டிருந்தார்.

"போட்டுருவீங்களா?" என்று கேட்டார் மீனாட்சி.

"போட்டா எல்லாம் இருக்கும். வேலை, விசா, வீடு."

"நான் அதைக் கேக்கல."

பழனிவேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டா, அந்தப் பெரியவரோட சம்சாரம் கிறிஸ்து பொறக்கிறதுக்கு ஐந்நூறு வருஷம் முன்னாடியே செத்துப்போனதா ஆயிடும். நான் கையெழுத்து போட்டு."

"அப்ப போடாதீங்க. காலையில எழுந்து அவருக்கு முகம் தொடச்சி விடுறவ நான். எந்த முகத்தோட தொடச்சி விடுவேன்?"

"விசா?"

"திருப்பி அனுப்புனா விருத்தாசலம் என்ன சந்திரமண்டலத்துலயா இருக்கு? உங்களுக்குச் சூளை தெரியும், எனக்கு நோயாளி பாக்கத் தெரியும். சோறு கெடைக்கும்."

"பிள்ளை, பொறும்," என்றார் இரத்தினசிங்கம். "மாட்டன் எண்டு சும்மா சொன்னா அவையள் இவரைக் கலைச்சுப்போட்டு வேற ஆளிட்டை மன்னிப்பு வாங்குவினம். கேக்கிற விதமா ஒண்டு கேக்கவேணும்."

"கேக்குறேன் அண்ணே," என்றார் பழனிவேல். "எழுத்துல கேக்குறேன்."

புதன்கிழமை கடைசிக் கூட்டம். இம்முறை கைக்கு இயக்குநரின் பக்கத்திலேயே இடம். மன்னிப்புக் கடிதம் இரண்டு பிரதிகளில் தயாராக இருந்தது. பழனிவேல் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, கையெழுத்திடும் இடத்தையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, உண்மையான தொல்பொருள் என்று என் கையால் எழுதித் தருகிறேன் என்றால், எதை வைத்து என்று எனக்கும் எழுத்தில் வேண்டும். கலைக்கூடம் தன் முத்திரையோடு தந்தால், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் என் முடிவைச் சொல்கிறேன்."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் இந்த ஊழியர் கேட்ட முதல் நியாயமான கேள்வி அது என்றார். அங்கேயே சொல்லச் சொல்ல ஸ்ருதி தட்டச்சு செய்தார். சிலையைக் கொடுத்த நன்கொடையாளர் விட்டுச்சென்ற குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: 'திராட்சைத் தோட்டத்திலிருந்து, 1972. காகிதம் ஏதும் இல்லை.'

"திராட்சைத் தோட்டம்," என்றார் இயக்குநர். "அதுவே சொல்லிவிடுகிறது. இத்தாலி."

"ஹெண்டர்சன்ல திராட்சையே விளையேல்லையாக்கும்," என்று முணுமுணுத்தார் இரத்தினசிங்கம்.

"காகிதம் இல்லை என்பது அதைவிட வலுவான சான்று," என்றார் காப்பாட்சியர். "போலிகளுக்குக் காகிதம் மூட்டை மூட்டையாக இருக்கும். உண்மையான பொருள் மண்ணிலிருந்து நேரே வருகிறது. யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஸ்ருதி: இத்தாலி நாட்டு மண்ணிலிருந்து, 1972இல் தோண்டி எடுத்து, அந்நாட்டு அரசின் அனுமதி எதுவும் இன்றி இங்கே கொண்டுவரப்பட்டது என்பதில் கலைக்கூடத்துக்கு ஐயமே இல்லை."

"'சிறிதும்' என்று சேருங்கள்," என்றார் இயக்குநர். "சிறிதும் ஐயமே இல்லை."

ஸ்ருதியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பழனிவேலைப் பார்த்தார். பிறகு 'சிறிதும்' என்று சேர்த்தார். இயக்குநரும் காப்பாட்சியரும் கையெழுத்திட்டார்கள். காகிதம் மேடிட்டு எழும்படி கலைக்கூடத்தின் முத்திரையை அழுத்தினார்கள். ஒரு பிரதியைப் பழனிவேலிடம் கொடுத்து, இயக்குநர் கைகுலுக்கினார்.

வியாழக்கிழமை பழனிவேல் விடுப்பு எடுத்துக்கொண்டு பதின்மூன்றாவது கடிதத்தை எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் வருமாறு:

அனுப்புநர்: ச. பழனிவேல், ரானுயி, ஆக்லாந்து.
பெறுநர்: கலைச் செல்வங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், பண்பாட்டு அமைச்சகம், ரோம், இத்தாலி.

ஐயா,

பொருள்: தங்கள் நாட்டுப் பொருள் ஒன்று எங்கள் ஊரில் இருப்பதாகச் சொல்லப்படுவது குறித்து.
பார்வை: தென்திசைச் செவ்வியல் கலைக்கூடத்தின் சான்றிதழ், முத்திரையோடு, ஒரு பக்கம்.

தங்கள் நாட்டு மண்ணுக்கடியில் கிடைக்கும் பழம்பொருள் தங்கள் அரசுக்கே சொந்தம் என்று படித்தேன். அப்படி ஒன்றைத் தோண்டி, தங்களைக் கேட்காமல் கொண்டுவந்து வைத்திருப்பதாகப் பார்வையில் கண்ட கலைக்கூடம் தானே எழுதி ஒப்புக்கொண்டுள்ளது. அதில் அவர்களுக்குச் சிறிதும் ஐயமில்லை.

எனக்கு உண்டு. அது மேற்கு ஆக்லாந்தில் சுட்ட கழிவுநீர்க் குழாய் என்பது என் முடிவு. அதற்கான தொழில்முறைக் காரணங்களைத் தனித்தாளில் எழுதியுள்ளேன். ஆனால் நான் ஐயப்படத் தகுதியில்லாதவன் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.

கலைக்கூடம் சொல்வது சரி என்றால், தாங்கள் வந்து பொருளை எடுத்துச் செல்லவும். கை தனியாக இருக்கிறது, மறந்துவிட வேண்டாம். அவர்கள் சொல்வது தவறு என்றால், அதைத் தங்களுக்கு எழுதித் தரச் சொல்லவும். அப்போது அந்தச் சிலை கிளென் ஈடன் முதியோர் இல்லத்தில் இருக்கும் திரு. மாத்தே செய்தது. அதில் இருப்பது அவருடைய மனைவி. அவர் அவளைத் திரும்பக் கேட்கிறார்.

நான் எதையும் உடைக்கவில்லை. மன்னிப்பும் கேட்பதாக இல்லை.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
ச. பழனிவேல்.
நகல்: இயக்குநர் அவர்களுக்கு, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கேட்ட பதிலாக.

மீனாட்சி ஒருதரம் படித்துப் பார்த்து, 'மறந்துவிட வேண்டாம்' என்ற இடத்தில் சிரித்தார். பிறகு வேலைச் சீருடையைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். கிளென் ஈடன் மருந்துக்கடையின் மூலையில் தபால் முகப்பு இருக்கிறது. இரத்தினசிங்கம் கோட்டோடு முன்னதாகவே வந்து வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

சான்றிதழை மடிக்காமல், அட்டை வைத்து, பெரிய உறையில் போட்டார் பழனிவேல். விளிம்பை ஒட்டி, ஒட்டியதன் மேல் பசைநாடாவும் ஒட்டி, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தார். முகப்பில் இருந்த பெண் உறையை எடைபோட்டு, வெளிநாட்டுத் தபாலுக்கு எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டாள்.

"உள்ளே ஆபத்தான பொருள் ஏதாவது இருக்கிறதா?"

பழனிவேல் எதையும் யோசித்துப் பதில் சொல்கிறவர். யோசித்தார்.

"ஒரு சான்றிதழ் இருக்கிறது," என்றார்.

அவள் முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.